படிப்புக் கடன் யார் தலையில்?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முதலியார்பேட்டைப் பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர். நூறாண்டுக்கு மேல் ஓடிய அந்த மில் 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டதை நம் ஊரார் அறிவார்கள்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். மக பிளஸ் டூ முடிச்சிட்டா. பயோடெக்னாலஜிதான் படிப்பேங்கறா. தனியார் காலேஜ். பேங்குல படிப்புக் கடன் தர்றாங்களாம். வாங்கலாமா?"

"வட்டி ஹராம், பாய். வாங்கக் கூடாது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்ன சட்டம் தவறல்ல. சூரத்துல் பகராவின் 275ஆம் வசனம் முதல் வட்டியைப் பற்றி வந்துள்ள எச்சரிக்கையை ஓதியவர் எவரும் அதை இலேசாக எண்ண முடியாது. ஆனால் நான் சொன்னது பாதி பதில். கதவை மூடினேன், வழி காட்டவில்லை.

முதலில் உலகக் கணக்கையே பார்ப்போம். மூன்று வருடப் படிப்புக்கு வருடம் 1 லட்சம் வீதம் 3 லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் வட்டி உறங்குவதில்லை. முதல் லட்சத்துக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு. சாதாரண வட்டியாகவே 90,000 ரூபாய் ஏறிவிடும். ஆக 3,90,000. அதை ஐந்து வருடத்தில் தீர்க்க மாதம் ஏறக்குறைய 8,300 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியது ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். வெறும் பி.எஸ்ஸி. பட்டத்தோடு ஒரு சோதனைக்கூடத்தில் சேரும் பிள்ளைக்குச் சம்பளம் 15,000 என்றால், பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். கடன் பத்திரத்தில் தகப்பனாரும் கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளையால் முடியாவிட்டால் வேலை இழந்த அந்த மனிதரைத்தான் கேட்பார்கள்.

உயிரியல் படிப்பின் இயல்பு இது: அதன் கனி தாமதமாகப் பழுக்கும். எம்.எஸ்ஸி. முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் வென்று, ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தால் அரசே உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். ஆனால் அந்த இடத்தை அடைய ஐந்து, ஆறு வருடமாகும். எல்லோரும் அடைவதும் இல்லை. கடனின் தவணையோ பட்டம் வாங்கிய மறு வருடமே வாசலில் நிற்கும். மரம் காய்க்கும் முன் குத்தகை கேட்டால் தோட்டக்காரன் மரத்தைத்தான் வெட்டுவான். கடன்பட்ட பிள்ளையும் மேற்படிப்பை விட்டுக் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாமென்று சொல்லிவிடலாமா? கூடாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று எண்ணியிருக்கிறார்கள். ஊரில் சிலராவது அதைக் கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. இன்றைய மருத்துவத்துக்கு உயிரியலே அடித்தளம். நம் புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட கொசு ஒழிப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1981 முதல் 1985 வரை இந்த நகரத்திலேயே யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்தப் பாடுபட்டார்கள். அது உயிரியல் படித்தவர்கள் மக்களுக்குச் செய்த கைங்கரியமல்லவா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அறிவின் பலன் ஊருக்கு. அதன் கடன் மட்டும் பதினேழு வயதுப் பெண்ணின் தலைக்கா?

ஒரு ஜனாஸா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்கு மூன்று தீனார் கடன். விட்டுச் சென்றதோ ஒன்றுமில்லை. அண்ணலார் தாம் தொழுவிக்காமல் ஒதுங்கினார்கள். ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழுவித்தார்கள். இந்த ஹதீஸைக் கடனின் கடுமையைச் சொல்லவே நாம் எடுத்துக்காட்டுகிறோம். அபூகதாதாவாக எழுந்து நிற்க யாரையும் அழைப்பதில்லை. பிற்காலத்தில் செல்வம் வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனைத் தாமே ஏற்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததையும் மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் மறக்கவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951இலும் எழுந்தன. ஒரு தலைமுறைச் செல்வர்கள் பிறர் பிள்ளைகளின் படிப்பைத் தம் கடமையாக ஏற்றதன் சின்னங்கள் அவை.

நாம் என்ன செய்கிறோம்? கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்கும்போது எந்த ஆலிமிடமும் மஸ்அலா கேட்பதில்லை. ஒரு வேளை பிரியாணிக்குச் செலவாகும் தொகையில் ஒரு பெண் பட்டம் பெற்றுவிடுவாள். வட்டி ஹராம் என்று ஏழையிடம் சொல்லும் நாவு, அழகிய கடன் கொடுங்கள் என்று வசதியுள்ளவரிடமும் சொல்ல வேண்டாமா? எல்லாக் கதவும் அடைபட்டவருக்கு நிர்ப்பந்தச் சட்டம் உண்டா என்பது தனித்தனியே ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. ஆனால் கதவை அடைத்தவர்கள் நாமாக இருந்தால் அந்த நிர்ப்பந்தத்துக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் மஃரிபுக்குப் பின், வசதியுள்ள மூன்று சகோதரர்களுடன் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "நேத்து நான் சொன்னது முழுசா இல்லை, பாய்" என்றேன். உட்கார்ந்து பேசினோம். புதுச்சேரியில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. செலவு தனியாரில் ஆவதில் சிறு பங்குதான். "விலங்கியல் எடுத்தாலும் பின்னால் நீ நினைத்த பக்கம் போகலாம், மகளே" என்றோம். அவளுக்கு முதலில் மனமில்லை. இரண்டு நாள் யோசித்துச் சரி என்றாள். கட்டணம், புத்தகம், பஸ் செலவு எல்லாவற்றையும் மூவரும் வட்டியில்லாத கடனாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதே பகராவின் 282ஆம் வசனம் பணித்தபடி எழுதி, இரு சாட்சிகள் வைத்தோம். அவள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகே தவணை என்றும் எழுதினோம்.

அந்தப் பிள்ளை நாளை எவ்வளவு சம்பாதிப்பாள் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அந்தத் தராசு நம் கையில் இல்லை. அவள் தலைமேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்ற தராசு நம் கையில் இருக்கிறது. உங்கள் மஹல்லாவிலும் இந்த வருடம் ஒரு தகப்பன் திண்ணையில் வந்து உட்காருவார். அவருக்கு முழுப் பதிலும் சொல்ல வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.