கைக்குழந்தையின் துணியும் அகிம்சையும்

கைக்குழந்தைக்கு ஆர்கானிக் பருத்தியில் சட்டையும் அணையாடையும் வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் குழந்தையின் தோலை நினைத்தே வாங்குகிறார்கள். அந்த அக்கறை நியாயமானது: குழந்தையின் தோல் மெல்லியது, உடல் எடையோடு பார்த்தால் அதன் பரப்பும் அதிகம். ஆனால் வயலில் அடித்த பூச்சிமருந்தில் மிகச் சிறிதளவே துணிவரை வந்து சேர்கிறது. காரத்தில் வேகவைத்து வெளுக்கும்போதே பெரும்பகுதி போய்விடும். தோலை உறுத்தக்கூடியவை பின்னால் ஏறும் சாயமும் ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனங்களும்தான். மருந்தின் முழு வேகமும் வேறோர் உடலில் இறங்குகிறது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் பலர் நச்சேறி இறந்தார்கள்.

தன் பிள்ளைக்கென்று கொடுக்கும் கூடுதல் விலையின் பெரும்பயன் இவ்வாறு முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்கிறது. துணி வாங்குபவருக்கு அந்த வயலில் நடப்பதில் பங்கு உண்டா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

உண்டு என்பதே சமணத்தின் விடை. தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது ஆகிய மூன்றையும் அது இம்சையாகவே எண்ணுகிறது. தெரிந்தே விலை கொடுப்பதை மூன்றாவதிலாவது சேர்த்தாக வேண்டும். ஆனால் சமணம் இல்லறத்தாரிடம் துறவியின் நோன்பைக் கேட்பதில்லை. கொல்வதற்கென்றே எண்ணிச் செய்வதை அடியோடு விலக்கச் சொல்கிறது. சமையலிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேர்வதைக் குறைக்கச் சொல்கிறது. இந்தப் பாகுபாடு இல்லாமல் ஆர்கானிக் பருத்தியைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. அந்த வயலிலும் வேப்பெண்ணெய்க் கரைசல் உண்டு, இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. காய்ப்புழு அங்கும் சாகிறது. உயிர்க்கொலை இல்லாத துணி என்று அதை விற்பது பொய். மண்ணுக்கும் மருந்தடிப்பவருக்கும் தீங்கு குறைந்த துணி என்பது உண்மை. அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

பஞ்சு வயலைவிட்டு வந்தபின்பும் பொறுப்பு தீர்வதில்லை. உலகெங்கும் குழந்தை உடைகளை அனுப்பும் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மருந்து படாத பஞ்சானாலும் அதன் சாயம் ஆற்றில் கலந்தால் கரையோரத்துப் பிள்ளைகளுக்குத் தீங்குதான். ஆர்கானிக் துணிகளுக்குத் தரப்படும் ஜி.ஓ.டி.எஸ். முத்திரை இழையோடு நின்றுவிடாமல் சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் சோதிப்பது இதனால்தான்.

முத்திரை பெற்ற துணியின் விலை எல்லோருக்கும் எட்டாது. அன்புக்குப் பிறந்த குழந்தை அருள் என்றும், அதை வளர்க்கும் செவிலி செல்வம் என்றும் வள்ளுவர் சொல்வதை வைத்து, பணமில்லாத வீட்டில் அருள் வளராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பலமுறை துவைத்த வேட்டியையும் பாட்டியின் நூல்சேலையையும் கிழித்துக் குழந்தைக்கு விரிக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. அதற்காக எந்த வயலிலும் புதிதாக மருந்தடிக்க வேண்டியதில்லை. சமணக் கணக்கில் அதைவிட இம்சை குறைந்த துணி வேறில்லை.

செல்வம் செவிலியாக வேண்டிய இடம் வேறு. ரசாயனத்தை விட்ட வயல் சான்றிதழ் பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சல் குறையலாம். பஞ்சும் பெரும்பாலும் சாதாரண விலைக்கே போகும். முத்திரை விழுந்த பஞ்சுக்கு மட்டுமே கூடுதல் விலை தரும் சந்தையில், அந்த ஆண்டுகளின் நட்டத்தை உழவர் தனியாகச் சுமக்கிறார்.