காணாதவையும் உள்ளவையே



நாம் கூடி வழிபடும் இந்தச் சன்னிவேலுக்கு அருகே மொபெட் பீல்ட் விமானத்தளம் உள்ளது. 1970களின் நடுப்பகுதி முதல் 1995 வரை அங்கிருந்து நாசாவின் விமானம் ஒன்று இரவு வேளைகளில் புறப்பட்டுச் செல்லும். கைப்பர் பறக்கும் வானாய்வகம் என்பது அதன் பெயர். அதனுள் 36 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருந்தது. வானிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது. ஆகவே விமானம் ஏறத்தாழ 41,000 அடி ஏறி, அந்த நீராவித் திரைக்கு மேலே பறந்தபடி வானத்தைப் பார்த்தது.

இத்தனை பாடு எதற்கு? எமது கண்ணுக்குத் தெரிவது ஒளியின் ஒரு சிறு கீற்று மட்டுமே. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்திலுள்ள அன்ட்ரோமீடா என்னும் விண்மீன் மண்டலத்தைச் சாதாரண ஒளியில் பார்த்தால் நட்சத்திரக் கூட்டம் தெரியும். புற ஊதாவில் புதிதாகப் பிறந்த சூடான நட்சத்திரங்கள் மேலோங்கித் தெரியும். அகச்சிவப்பில் தூசி வளையங்கள் தெரியும். எக்ஸ் கதிரில், மடிந்த நட்சத்திரங்களின் எச்சங்கள் தம் துணை நட்சத்திரங்களை உறிஞ்சும் இடங்கள் சுடர்விடும். வானொலி அலையில், நட்சத்திரங்களுக்கும் அப்பால் பரந்து கிடக்கும் ஐதரசன் வாயு தெரியும். பொருள் ஒன்றே. ஒவ்வொரு ஒளியும் உண்மையைத்தான் சொல்கிறது. எந்த ஒளியும் முழுவதையும் சொல்வதில்லை.

ஆர்ப் 220 என்ற மண்டலம் கண்ணொளியில் மங்கலானது. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செய்மதி அகச்சிவப்பில் பார்த்த பின்னரே, அது ஒரு இலட்சம் கோடி சூரியன்களுக்கு மேலான ஒளி வீசுவது தெரியவந்தது. இரு மண்டலங்கள் மோதி இணையும் அவ்விடத்தில் நட்சத்திரங்கள் பெருந்தொகையாகப் பிறக்கின்றன. அவற்றின் ஒளியைச் சூழ்ந்துள்ள தூசி உள்வாங்கி வெப்பமாக வெளிவிடுகிறது.

நாம் தொழிலால் கணக்காளர். கோயில் கணக்கும் எம் கையில்தான். சென்ற ஆண்டு நன்கொடைப் பதிவேட்டைப் பார்த்து, ஒரு குடும்பம் இரண்டு வருடமாக ஒரு டொலரும் தரவில்லை என்று கூட்டத்தில் சொன்னோம். தைப்பூசத்தன்று விடியமுன் கோயிலுக்குப் போனபோது, அந்தக் குடும்பத்துத் தாய் மடைப்பள்ளியில் கிடாரம் விளக்கிக்கொண்டிருந்தார். “விசேட நாளெல்லாம் அவதான் வந்து விளக்கி வைச்சிட்டு வேலைக்குப் போறா. ஊரிலை மூண்டு பெறாமக்களையும் படிப்பிக்கிறா,” என்றார் ஐயர். அடுத்த கூட்டத்தில் எமது வார்த்தையைத் திரும்பப் பெற்றோம். ஆனால் அது அவர் காதுக்கு முன்பே போய்விட்டது.

பதிவேடு பொய் சொல்லவில்லை. அது ஒரே ஒளியில் எடுத்த படம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இருளில் நடந்தபோது, முகம் தெரியாத ஒருவர் தந்த தண்ணீரைக் குடித்தோம். அதை எந்தப் பதிவேட்டில் எழுதினோம்?

இருள் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவ மலமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது சைவ சித்தாந்தம். அன்று கூட்டத்தில் எமக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவதாகவே இருந்தது. அதுதான் ஆணவத்தின் வேலை.

தீபாராதனையில் கண் சுடரைக் காண்கிறது, காது மணியைக் கேட்கிறது, கை கற்பூரச் சூட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றுகிறது. ஒரே பெருமானை அறிய முன்னோர் இத்தனை வழி வைத்தார்கள். அருகில் நிற்கும் அடியாரை அறிய மட்டும் ஒரு வழி போதுமா? இந்த வெள்ளிக்கிழமை அவரோடு நின்று இரண்டு வார்த்தை பேசுவோம்.

எல்லாம் வல்ல எம்பெருமான் அனைவருக்கும் திருவருள் பாலிப்பாராக.