தேரும் தொட்டியும்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த விஷயத்தில் நம்மிடம் இரண்டே விதமான பேச்சுகள் இருந்து வருகின்றன. ஒன்று மேடைப் பேச்சு; வள்ளன்மை, தமிழ்ப் பண்பாடு என்று போகும். மற்றது கேலி, ஒரு கொம்பை ஊன்றினால் போதாதா என்று கேட்கும். 'பழமொழி நானூறு' இந்தக் கேலியை முன்கூட்டியே உணர்ந்தது போல, இது அறிந்தே மேற்கொண்ட மடமை, சான்றோர்க்கு அது அணி என்று சமாதானம் சொல்லிவிட்டது. எனக்கு இருக்கும் கேள்வி வேறு. மறுநாள் அந்தக் கொடிக்கு என்ன ஆயிற்று?

இது இலக்கியப் படிப்பிலிருந்து எழுந்த கேள்வி அல்ல. இந்தப் பங்குனியில் முதல் தடவையாக மொட்டைமாடியில் மல்லிகை வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 12 அங்குல மண்தொட்டி, செம்மண், மணல், மக்கிய எரு, நர்சரியில் வாங்கிய ஒரு செடி. பி.ஏ.வில் ஆங்கிலம் படித்தவனுக்கு வசந்தம் என்பது கேளாமல் வந்து சேரும் ஒன்று. பனி விலகும், பூக்கள் தாமாக மலரும், கவிஞன் அந்தப் பக்கம் நடந்து போவான். மல்லிகையின் வசந்தம் அப்படிப்பட்டதல்ல. அது புதுத் தளிர்களின் நுனியில் மொட்டு வைக்கும் செடி. ஆகவே தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில், கார்த்திகை மாதத்தில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதையெல்லாம் கவாத்து செய்கிறார்கள். அதற்குப் பிறகு துளிர்ப்பதுதான் மார்ச் தொடங்கிப் பூக்கிறது. பங்குனியில் நாம் முழம் போட்டு வாங்கும் பூ, யாரோ கார்த்திகையில் போட்ட வெட்டின் பலன்.

அழகைப் பற்றி யோசித்தவர்களில் காண்ட் பூவுக்கு மிகுந்த மரியாதை கொடுத்தவர். 1790-ல் வெளிவந்த அவருடைய மூன்றாவது 'விமர்சன' நூலில் ஒரு மனிதன் வருகிறான். தனியே நின்று ஒரு காட்டுப் பூவைப் பார்க்கிறான். பிறரிடம் சொல்லிக்கொள்ளும் எண்ணமில்லை, ஆதாயமும் இல்லை; ஆனாலும் அது இயற்கையில் இல்லாமற் போவதை அவன் விரும்பமாட்டான். இப்படிப்பட்ட ஈடுபாடு நல்ல ஆத்மாவின் அடையாளம் என்கிறார் காண்ட். யாராவது செயற்கைப் பூவை மண்ணில் நட்டு ஏமாற்றியிருந்தால், தெரிந்த கணமே அந்த ஈடுபாடு மறைந்துவிடும் என்றும் சொல்கிறார். நுட்பமான அவதானிப்பு. ஆனால் காண்ட்டின் மனிதன் கையில் தண்ணீர்ச் செம்பு இல்லை. காட்டுப் பூவுக்கு அவன் தேவைப்படவுமில்லை. பார்த்துவிட்டுப் போகலாம். பாரியும் தேரை விட்டுவிட்டுப் போகலாம். இருவரும் வழிப்போக்கர்கள், இருவருடைய மேன்மையும் ஒரு சந்திப்பின் மேன்மை.

தொட்டிச் செடியோடு நமக்கு ஏற்படுவது சந்திப்பு அல்ல. தரையில் நிற்கும் செடி வேரை விட்டு ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் வைத்த அன்றே அந்தச் சாத்தியத்தை நான் அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். சித்திரை வெயிலில் மண்தொட்டியின் பக்கங்கள் வழியாகவும் ஈரம் போய்விடும். அது எங்கே போய்த் தேடும்? ஆக, நான் ஊற்றும் தண்ணீர் கருணை அல்ல, எடுத்ததற்கு ஈடு. நான் வேலை பார்க்கும் வங்கியில் நாள் முழுவதும் புழங்கும் சொல் கடன். தமிழில் கடமைக்கும் அதே சொல்தான். இது வெறும் சொல் விபத்து என்று நான் நினைக்கவில்லை. கொடையில் கொடுப்பதும் கொடுக்காததும் என் விருப்பம். கடனில் நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவரை நம்மைச் சார்ந்து நிற்கும்படி செய்துவிட்டு, பிறகு அவருக்குச் செய்வதையெல்லாம் கொடையாக எண்ணிக்கொள்வது செடி விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல. குடும்பங்களில் நடக்கிறது, பெண்கள் விஷயத்தில் அதிகம் நடக்கிறது.

கடன் என்றால் உணர்வற்ற இயந்திர காரியம் என்று ஆட்சேபிக்கலாம். அப்படி ஆகவேண்டியதில்லை. வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகளையெல்லாம் நீரே நிரப்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகும். செடி வாடியதும் பதறி இன்னும் ஊற்றுவது அன்பு; விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்ப்பது கவனம். அன்பு தன் நிறைவுக்காகவும் ஊற்றும். கவனம் எதிரில் இருப்பதன் இயல்பைத் தெரிந்துகொள்ளும் வரை கையை நிறுத்திவைக்கும். தேவையானபோது வெட்டவும் செய்யும். அந்த வெட்டு செடிக்காகவா, என் பூவுக்காகவா என்றால், என் பூவுக்காகத்தான். அதை ஒளிக்காமல் இருப்பதும் கடனில் சேர்ந்தது. தேர் கொடுத்த கை கவாத்துக் கத்தரியை எடுத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பாரியைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. கேட்கத் தெரியாத ஒன்றின் தேவையை அவன் கண்டுகொண்டான். அந்தக் காணல் இல்லாமல் அறம் தொடங்குவதே இல்லை. 'சிறுபாணாற்றுப்படை' பூவின் சிறுமையையும் தேரின் பெருமையையும் எதிரெதிரே நிறுத்துவது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. அளவு மீறிய அந்தக் கணம் வேண்டியதுதான். ஆனால் அது தொடக்கம். நாம் அதையே முழு அறமாக எடுத்துக்கொண்டோம். காரணம், தேரைப் பாட முடியும். புறநானூற்றில் கபிலர், அந்தக் கொடி பாரியைப் பாடப் போவதில்லை என்று சொல்லியே அவனைப் பாடுகிறார். தினம் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுகிறவளுக்குக் கபிலர் கிடைப்பதில்லை.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. சிற்றிதழ் தொடங்குவது தேர் கொடுப்பது போன்றது; முதல் இதழில் பிரகடனம் இருக்கும், யாராவது மோதிரத்தை அடகு வைத்திருப்பார்கள். நான்காம் இதழுக்குப் புரூஃப் பார்க்க ஆள் இருக்காது. நம் கவிதையிலும் கணங்கள் நிறைய இருக்கின்றன. தரிசனம், திறப்பு, மின்னல். மறுநாள் காலை இல்லை. திரும்பத் திரும்பச் செய்யப்படும் ஒரு காரியத்தை, அலுக்காதது போல் பாவனை செய்யாமல், அலுப்போடு சேர்த்தே சொல்ல நம் மொழிக்கு முடியும் என்றுதான் நினைக்கிறேன். அதை முயன்ற கவிதைகளை நான் அதிகம் படித்ததில்லை.