அம்மாவின் நேரம் யாருடையது?

போன தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு, அம்மாவின் முறுக்கு வியாபாரத்துக்கு ஒரு சிறு கடன் எடுக்கலாம் என்று கணக்கு எழுத உட்கார்ந்தேன். அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், எள், ஓமம், கேஸ், டப்பா, ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் விலை போட்டாயிற்று. கூலி என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது. அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குடா கூலி? நான் என்ன வெளியிலயா போய் வேலை செய்யறேன்? என் வீட்டு அடுப்படியிலதானே நிக்கிறேன்."

சுழியம் போட்டேன். அந்தச் சுழியம் என்னைத் தூங்க விடவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே தூங்கினேன். விடியற்காலை 4 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். முதல் நாள் இரவு 11 மணிக்கு, வாட்ஸ்அப்பில் யாரோ ஓர் அக்காவுக்கு "சரிம்மா, நாளைக்கே தரேன்" என்று பதில் அனுப்பியவரும் அவர்தான்.

எங்கள் வீடு ஈப்போ புந்தோங்கில் இருக்கிறது. புந்தோங் என்றாலே பலருக்குக் கச்சாங் பூத்தே கம்பம்தான் நினைவுக்கு வரும். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் செய்து, தலையில் சுமந்தும் சைக்கிளில் கட்டியும் விற்று வளர்த்த தொழில் அது. (பாரதி பிறந்த ஊர்க்காரர்கள் என்று எங்கள் தமிழாசிரியர் பெருமையாகச் சொல்வார்.) அங்கே வீடும் பட்டறையும் கடையும் ஒன்றாகவே வளர்ந்தன. நாங்கள் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இல்லை. அம்மா இந்தத் தொழிலைத் தொடங்கியது 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து அப்பாவின் வேலை நின்றுபோனபோது. அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு எத்தனை தாமான்களில் எத்தனை அடுப்படிகள் கடையாக மாறின என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வேர் தோட்டத்தில். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு. வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும், அதனால் குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டி முடிக்க வேண்டும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி, தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதைப் பற்றிக் கேட்டால் பாட்டி சிரிப்பார். "கடிகாரந்தாம்பா மாறுச்சு. மரம் மாறல."

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. இருட்டில் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கையில் காசும் இல்லை. அப்படியொரு வாழ்க்கைக்கு யாரும் ஏங்க வேண்டாம். ஆனால் ஒன்று இருந்தது. பாலை நிறுத்துக் கணக்கில் ஏற்றிவிட்டால் தோட்டத்துக்கும் பாட்டிக்கும் அன்றைய பேச்சு முடிந்தது. துரை அவர் வீட்டு அடுப்படிக்குள் வந்து "இன்னும் ரெண்டு மரம்" என்று கேட்க முடியாது. அம்மாவின் கைப்பேசி கேட்கிறது.

திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். அரசனுக்குச் சொன்னவை அவை. வலிமை, காலம், இடம் மூன்றையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததை நான் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது யோசித்ததில்லை. வீட்டில் தொழில் செய்பவருக்கு இடம் கலந்துவிடுகிறது. இடம் கலந்ததும் காலமும் கலந்துவிடுகிறது. வலிமை தீர்ந்துபோனது கடைசியில்தான் தெரிகிறது, அதுவும் முதுகு வலியாக.

இதற்குத் தீர்வு நேர நிர்வாகம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் பயிற்சி எடுத்தவன் இல்லையா! ஒரு கால அட்டவணை தயாரித்து, நான்கு நிறத்தில் அச்சிட்டு, குளிர்பெட்டியில் ஒட்டினேன். காலை 9 முதல் 12 வரை முறுக்கு சுடுவது, 2 முதல் 3 வரை பொட்டலம் போடுவது, 4 முதல் 5 வரை ஓய்வு. அம்மா மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "அழகா இருக்குப்பா" என்றார்.

மூன்று நாள்கூட நிற்கவில்லை. ஏன் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டில் இருந்து பார்த்தேன். முறுக்கு பிழியும்போது அப்பாவுக்குத் தேத்தண்ணி. எண்ணெய் காயும்போது அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப் போனார், "நீங்க வீட்லதானேம்மா இருக்கீங்க". பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பார்சலை வாங்கி வைக்கவும் அம்மாதான். தம்பி சட்டை எங்கே என்று மேலிருந்து கத்தினான். மதியம் ஒருவர் சொல்லாமல் வந்து நின்று, இருபது டப்பா இப்போதே வேண்டும் என்றார். இதில் அம்மா வீணடித்தது எந்த நிமிடம்? நான் அட்டவணை ஒட்டியிருக்க வேண்டியது குளிர்பெட்டியில் இல்லை, எங்கள் நெற்றியில்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு தைப்பூசத்தில், கல்லுமலைக்கு நடந்துபோகும் பக்தர்களுக்குக் கொடுக்க நம் இளைஞர்கள் 300 பொட்டலம் முறுக்கு கேட்டபோது, அம்மாவைக் கேட்காமலே சரி என்றவன் நான். இரண்டு நாள் அவகாசம். "கோயில் காரியம்மா, புண்ணியந்தானே" என்றேன். அம்மா மறுப்பாரா? கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

புண்ணியம் என்ற சொல்லை அன்று நான் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. நம் சமய வகுப்புகளில் பலனை எதிர்பாராமல் கடமை செய் என்று கீதையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த உபதேசம் வேலை செய்கிறவனுக்குச் சொன்னது. செய்கிறவன் தன் மனத்தில், தன் விருப்பத்தால், பலன் மீதுள்ள பற்றை விட வேண்டும். வேலையை வாங்கிக்கொள்கிறவன், "நீ பலனை எதிர்பார்க்கக் கூடாது" என்று இன்னொருவரிடம் சொன்னால் அதற்குப் பெயர் துறவா? அம்மாவின் பற்றின்மையை நான் எடுத்துச் செலவு செய்தேன். கங்காணி செய்ததும் ஏறக்குறைய இதுதான், அவன் கீதையைச் சொல்லவில்லை, அவ்வளவே.

தாயின் உழைப்புக்கு விலை போட்டால் அன்பு வியாபாரமாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் தயக்கம் உண்டு. அம்மா எனக்குப் போடும் தோசைக்கு நான் விலை எழுதப் போவதில்லை. ஆனால் டப்பாவில் அடைத்து 8 வெள்ளிக்கு விற்கும் முறுக்கு அன்பு இல்லை, சரக்கு. அதற்குள் போன நேரமும் சரக்குதான். 24 டப்பா செய்ய 6 மணி நேரம் ஆகிறது. குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்குக் கணக்கிட்டால் 8 வெள்ளி 72 சென். ஆக ஒரு டப்பாவுக்குக் கூலி 2 வெள்ளி 18 சென். நாங்கள் ஒரு டப்பாவுக்கு 2 வெள்ளி 50 சென் இலாபம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். உண்மையான இலாபம் 32 சென். மற்றதெல்லாம் அம்மாவின் சம்பளம், அதற்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம்.

வள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தானின் ஐந்து கடமைகளைச் சொல்லும்போது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று அடுக்கிவிட்டு, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். அம்மா முதல் நான்கையும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஐந்தாவதைப் பற்றிச் சொன்னபோது, "அதெல்லாம் ஆம்பளைங்களுக்குச் சொன்னதுடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடே கொஞ்சம் மாறி வருகிறது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி சொக்சோவில் கட்டினால், வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. அதாவது வீட்டு வேலையும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டியிருக்கிறீர்களா? நானும் சென்ற ஆண்டுதான் கட்டினேன்.

கடன் பாரத்தில் சுழியத்தை அழித்து, கூலி எழுதினேன். டப்பா விலை 9 வெள்ளி ஆனது. மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சொந்தக்காரர், இன்னும் பேசுவதில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஆர்டரை மூடினோம். இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசி என்னிடம் இருக்கும். தேத்தண்ணியை அப்பாவே போட்டுக்கொள்கிறார், சீனி கொஞ்சம் தூக்கலாக.

4 மணி ஓய்வு மட்டும் இப்போது நிற்கிறது. முதல் வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீடு திரும்பி, தூங்குவார் என்று நினைத்து மெதுவாகக் கதவைத் திறந்தேன். அம்மா அடுப்படியில் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார், மாரியம்மன் கோயிலுக்கு.

"ஓய்வு எடுக்கச் சொன்னேன்லம்மா?"

"எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் கேக்கல, நானாத்தான் செய்யறேன்" என்றார். பிறகு கரண்டியை என் கையில் கொடுத்து, தேங்காய் துருவ உட்கார்ந்தார்.