பிறநாட்டுச் சுற்றுலாவும் தோட்டத்துப் பிள்ளைகளும்

மாணாக்கரைக் கூட்டமாகப் பிறநாடுகளுக்கு அழைத்துச் சென்று மீளுதல் இக்காலத்துக் கல்வியின் ஓரங்கமாகக் கருதப்படுகின்றது. தஞ்சையும் மதுரையும் சிதம்பரமும் கண்ட பிள்ளை, காணாத பிள்ளையினும் அறிவு மிகும் என்பர். மிகலாம், அதனை யாம் மறுக்கின்றிலேம். அவ்வறிவின் விலை யாது, அதனைக் கொடுப்பவர் யாவர் என்பதே எமது வினா.

2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாட் சேவைக் கடவுச்சீட்டின் கட்டணம் 20,000 ரூபாவாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்க்கு வர்த்தமானி விதித்த குறைந்த நாட்கூலியோ 1,350 ரூபா. ஆகவே பதினாறு வயது நிரம்பிய பிள்ளைக்கு அச்சேவையிற் கடவுச்சீட்டுப் பெறுதற்கு மட்டுமே, மழையிலும் அட்டைக்கடியிலும் தாயொருத்தி கொழுந்து பறித்த பதினைந்து நாட்கூலி அந்நாளிற் சென்றது. விமானக் கட்டணமும் விடுதியும் உணவும் அதன்பின்னர் வருவன. லயத்திலே இத்துணைப் பொருள் ஏது? காதிற்கிடப்பது அடகுகடைக்குப் போம்; எஞ்சியது வட்டிக்கடனாகும். பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்லத் தாய்க்கு இயலும். பாடசாலை கேட்டால் அங்ஙனஞ் சொல்ல நாணுவாள். அந்நாணத்தை முதலாக வைத்து நடத்தும் பயணம் அறத்தொடு பொருந்துமோ?

இனி, செல்லும் பிள்ளைகள் பெறுவதனை எண்ணுவோர், வகுப்பிலே எஞ்சும் பிள்ளைகள் பெறுவதனை எண்ணுகின்றிலர். ஒரே வாங்கில் இருந்து படித்த இருவருள் ஒருவன் புறப்பட, மற்றவனுக்குத் தன் வறுமை ஒரு பாடமாகப் புகட்டப்படுகின்றது. புகட்டுவோர் உபாத்தியாயராகிய யாமே.

ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் பழையது. ஆங்கிலச் செல்வர் தம் மைந்தரை ஆசிரியர் ஒருவருடன் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பிவந்தனர். பொருணூல் வல்ல ஆதம் ஸ்மித் 1764 முதல் 1766 வரை இளம் பிரபு ஒருவருக்கு அங்ஙனம் துணை சென்றவர். அவரே 1776இல் வெளியிட்ட தம் பெருநூலில், அவ்வாறு சென்று மீளும் இளைஞர் செருக்கு மிகுந்து, ஊன்றிய உழைப்புக்கு ஆகாதவராய்த் திரும்புகின்றனர் என்னும் கருத்தை வெளியிட்டார். அப்பணிக்காக அவர் ஆயுள்முழுதும் ஆண்டுக்கு 300 பவுண் பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது! இத்துணை மாணாக்கர்க்கு ஓராசிரியர் இலவசம் என்னும் பயணமுகவர் வழக்கத்தை அறிந்த எமக்கு, அச்செய்தி சிறிது உறுத்துகின்றது. இலவச இருக்கை பெறுவோர் அப்பயணத்தின் தகுதியை நடுநின்று ஆராய்தல் அரிது.

அங்ஙனமாயின் தோட்டத்துப் பிள்ளை தேயிலைமலையை அன்றி வேறொன்றுங் காணாதிருப்பதோ என்று வினவுவர். இது வலிய தடையே. காணல் வேண்டும், ஆயினும் வகுப்பு முழுவதும் ஒருங்கே சென்று காணத்தக்கதனை முதலிற் காணல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எம் முன்னோர் தோணியிலே மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். கடவுச்சீட்டு வேண்டாத அவ்வழியை ஒரு பஸ்வண்டியிலே சென்று காணலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் அக்கரையிலேயே உள்ளது. செலவை யாவரும் பகிர்ந்து, இயலாதார் பங்கைப் பழைய மாணாக்கர் ஏற்பாராயின், ஒருவரும் வகுப்பில் எஞ்சார்.

தம் வகுப்புப் பிள்ளைகளுள் எத்தனைபேர் மன்னார்க் கரையைக் கண்டனர் என்று உபாத்தியாய அன்பர்கள் நாளையே கேட்டுப் பார்க்கலாம்.