ஆஸ்பத்திரி பில்லில் அப்பன் பங்கு

திருமண ஆசை காட்டி ஏமாற்றிய வாலிபர் கைது. இளம்பெண் ஆறு மாதக் கர்ப்பம். மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற செய்திதான். கைதோடு செய்தி முடிந்துவிடும். அதன்பிறகு ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் பணம் கட்டியது யார் என்று எந்த நிருபரும் எழுதுவதில்லை. பிரசவ வார்டு வராண்டாவில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் காதைப் பார்த்தால் சில சமயம் விடை தெரியும். தோடு அடகுக்குப் போய், துளையில் வேப்பங்குச்சி இருக்கும்.

கட்ட வேண்டியவன் அந்த வாலிபன். தாலி கட்டவில்லை என்பது இதற்குப் பதில் ஆகாது.

நம் சட்டம் இந்த இடத்தில் செய்யும் வேடிக்கையைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, மணப்பதாகப் பொய் வாக்குக் கொடுத்துக் கூடியவனுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. அதே நாளில் நடப்புக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, ஜீவனாம்சத்தைப் பற்றியது. மனைவிக்கு உண்டு. பெற்றோர் மணமானவர்களோ இல்லையோ, குழந்தைக்கும் உண்டு. மனைவியாகாத தாய்க்கு மட்டும் அதில் இடமில்லை. பத்தாண்டு உள்ளே தள்ளத் தெரிந்த சட்டத்துக்கு, ஒரு ஸ்கேன் ரசீதை அவன் கையில் கொடுக்கத் தெரியவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவையும் ஏற்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வார இறுதிகளைச் சேர்ந்து கழித்தது மட்டும் அப்படிப்பட்ட உறவாகாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டிவிட்டது.

பழைய அவைகளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. அகநானூற்றின் 256ஆம் பாட்டில் கள்ளூர்க் கதை வருகிறது. ஒருத்தியின் நலத்தை நுகர்ந்தவன், அவளை யாரென்றே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவையோர் சாட்சிகளை விசாரிக்கிறார்கள்; பொய் வெளுக்கிறது. மரக்கிளையில் கட்டி அவன் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். குறுந்தொகையில் கபிலரின் தலைவிக்கு அந்தச் சாட்சியும் இல்லை. அவன் கூடிய அன்று அங்கே நின்றது மீன் பார்த்திருந்த ஒரு குருகு மட்டும்தான். பொய்யும் தவறும் புகுந்த பிறகுதான் மணச்சடங்கை வகுத்தார்கள் என்கிறது தொல்காப்பியம். வாக்கு மாறுகிற ஆணைக் கட்டுவதற்கு வந்த சடங்கு அது. அந்தச் சடங்கு நடக்கவில்லை என்பதையே அவன் தப்பிக்கும் வாசலாக்கியிருக்கிறோம்! மகாபாரதத்துத் துஷ்யந்தன் எல்லாம் நினைவிருந்தும் சகுந்தலையைத் தெரியாது என்கிறான். காளிதாசன்தான் ஒரு சாபத்தைக் கொண்டுவந்து அவனுக்கு மறதியைத் தந்து காப்பாற்றினான். நாமும் இன்றுவரை காளிதாசன் கட்சி. ஈன்று வளர்ப்பது தாயின் கடன் என்று பொன்முடியாரைத் துணைக்கு அழைப்பவர்கள், புறநானூற்றின் அந்த 312ஆம் பாட்டை முழுதாகப் படிக்கட்டும். தந்தை, கொல்லன், வேந்தன் என்று அதில் கடன் இல்லாத ஆளே இல்லை.

பொய்ப்புகார் வராதா? வரும். குருகுக்கு இன்று வாய் வந்துவிட்டது. அதன் பெயர் மரபணுச் சோதனை. பிள்ளை பிறந்தபின் சோதித்து, அதற்கு முந்தைய ரசீதுகளுக்கும் சேர்த்து வசூலிக்கலாம். தந்தை அவனில்லை என்றால் விட்டுவிடலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்று கேட்பவர்களுக்கு ஊர் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு அவள் குடும்பம் மொத்தமும் தெரியும். அதற்கு அஞ்சித்தான் பெண்ணை வெளியூர்த் தனியார் மருத்துவமனைக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப் போகிறார்கள். அங்கே அட்வான்ஸ் கட்டாமல் படுக்கை கிடைப்பது அரிது.

ஜெர்மனியின் சிவில் சட்டம் 1615எல் பிரிவில், பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் மணமாகாத தாயைப் பராமரிக்கும் பொறுப்பைத் தந்தையிடம் கொடுத்திருக்கிறது. கர்ப்ப, பிரசவச் செலவுகளும் அதில் அடக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2021இல் மருத்துவச் செலவில் பாதியை அவன் தலையில் வைத்தது. அவள் கேட்டால்தான் அது பொருந்தும். அடிக்கிற ஆளிடம் போய்க் காசு கேட்க அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதால், இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்ததும், 1989இல் மகளுக்குச் சொத்தில் சமபங்கு தந்ததும் நம் சட்டமன்றம்தான். 144ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கச் சொல்லி, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.