யானை முகர்ந்து பார்த்தால்...



எங்கள் களம்பூரில் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது, பட்டு வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், குடும்பத்தோடு இலங்கைக்குப் போகிறோம். காட்டோரத்தில் உயர்தர விடுதி. ஜீப்பில் ஏற்றிச் சென்று யானை, சிறுத்தை எல்லாம் காட்டுவார்களாம். இதற்கு மார்க்கத்தில் தடை உண்டா? நம் தொழிலிலாவது பட்டுக்கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள், புழு சாகிறது. இதில் வெறுமனே பார்ப்பதுதானே! ஓர் எறும்புகூடச் சாவதில்லையே!”

பயணத்தை இஸ்லாம் தடுக்கவில்லை. பூமியில் சுற்றி வந்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி திருமறையே ஏவுகிறது. ஒட்டகத்தின் படைப்பை நோக்கச் சொல்கிறது. ஆகவே யானையைப் பார்ப்பது ஹராம் என்று யாரும் சொல்ல இயலாது. எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதே இலங்கைக்கு 1344-இல் வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, தம் பயண நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, ஷீராஸ் நகரத்து ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்கள் முப்பது ஃபக்கீர்களோடு அந்த மலைக்குச் சென்றார்கள். வழி தவறியது, பசி வாட்டியது. ஷைகு தடுத்தும் கேளாமல், உடன் வந்தவர்கள் ஒரு குட்டி யானையைப் பிடித்து அறுத்துத் தின்றார்கள். ஷைகு உண்ணவில்லை. அன்றிரவு யானைகள் திரண்டு வந்து, உறங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷைகையும் முகர்ந்தன. ஆனால் தீங்கு செய்யவில்லை. ஒரு யானை அவர்களை முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

வரலாறாகக் கொள்பவர் கொள்ளட்டும். கதையாகக் கொள்பவர் அப்படியே கொள்ளட்டும். இன்று நம்மை அந்த யானைகள் முகர்ந்தால் என்ன வாடை வரும்?

மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியா ஏரியில் கோடைக்காலத்தில் நீர் வற்றும்போது கரையில் பசும்புல் முளைக்கும். அதற்காக நூற்றுக்கணக்கான யானைகள் குட்டிகளோடு அங்கே கூடுவது வழக்கம். அவற்றைக் காண ஜீப்புகளும் வரிசையாக வருகின்றன. யால காட்டிலோ ஒரு சிறுத்தை தென்பட்டால் போதும், ஜீப்புகள் முண்டியடித்துச் சூழ்ந்து கொள்கின்றன. தண்ணீரைத் தேடி வந்த பிராணி வழியின்றித் திகைக்கிறது.

பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டதை ஹதீஸில் காண்கிறோம். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டதும், இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தரச் செய்தார்கள். அங்கே எந்த உயிரும் சாகவில்லை. இருந்தும் தாயின் தவிப்பே கண்டனத்துக்குப் போதுமானதாயிற்று! தேவைக்காக உயிரை எடுக்க மார்க்கம் அனுமதித்தது. வேடிக்கைக்காக உயிரை வதைக்க அனுமதிக்கவில்லை. அன்பர் சொன்ன பட்டுப்புழுவுக்கும் யானைக்கும் வித்தியாசம் இதுவே.

“சுற்றுலாப் பணத்தால்தானே காடு காக்கப்படுகிறது?” என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம், விரட்டிப் பார்க்கும் உரிமையை வாங்கித் தராது. மேலும் பகலில் நமக்குக் காட்சி தரும் அதே யானைதான் இரவில் ஏழை விவசாயியின் நெல்வயலில் இறங்குகிறது. 2023-இல் மட்டும் இலங்கையில் 400-க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. மனிதர்களும் நூற்றுக்கும் மேலானோர் உயிரிழந்தனர். ஓர் இரவு வாடகையாக நாம் கொடுக்கும் தொகை, அந்த விவசாயியின் பல மாத உழைப்புக்குச் சமமாக இருக்கலாம். விடுதி மேசையில் மிஞ்சிய உணவு குப்பைக்குப் போவது இஸ்ராஃப் இல்லையா?

மறுநாள் அன்பரிடம் சொன்னேன்: “பாய், தாராளமாகப் போய் வாருங்கள். ஓட்டுநரிடம், விலங்கை நெருங்க வேண்டாம், பாதையை மறிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது விலகிப் போனால் போக விடுங்கள். தூரத்தில் கண்டாலும் ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். வீண் ஆடம்பரத்தைக் குறைத்து, அங்குள்ள ஏழைக்கு ஒரு பங்கு கொடுங்கள்.”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “யானை கண்ணுக்கே படாவிட்டால்?” என்றார்.

“அது உங்களுக்குக் காட்சி தருவதற்காகப் படைக்கப்படவில்லையே!” என்றேன்.

வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.